இடம் போதாத ஒரு சொல்

இடம் போதவில்லை என்பதால் மணவாளன் ஒரு சொல்லை அழித்தான். 'வெள்ளைச்' என்கிற சொல். அதை அடுத்து 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பது திரையில் பச்சை நிறத்தில், கொட்டை எழுத்தில், வில் மாதிரி வளைந்து நின்றது. வளைவின் ஒரு முனையில் கேழ்வரகுக் கதிர், மறு முனையில் இரண்டு பேரீச்சம்பழம். அந்தச் சொல் இருந்தால் ஒரு பேரீச்சம்பழம் பாதி வெட்டுப்பட்டது. பழமா, சொல்லா என்று ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் யோசித்தான். தனக்குள் ஒரு கலைஞன் இருப்பதாக அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் உண்டு. அந்தக் கலைஞன் பழத்தின் பக்கம் நின்றான். டெலிட் பொத்தானில் ஒரு தட்டு. மூவாயிரம் உறைகள் அன்று மாலையே அச்சுக்குப் போயின.

சிதம்பரம் மேலவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மெடிக்கல் ஷாப்புக்கும் தையல் கடைக்கும் நடுவே பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துண்டு மாதிரி இருக்கிறது 'மணவாளன் கிராபிக்ஸ்'. பதினாறு வருடத் தொழிலில் அவன் கொன்ற எழுத்துகள் கொஞ்சமல்ல. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குழந்தையின் காதணி விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்தபோது 'த' இருக்க வேண்டிய இடத்தில் 'ல' விழுந்துவிட்டது. 'காலணி விழாவுக்கு அனைவரும் வருக' என்று பேருந்து நிலையத்துக்கு முன்னால் பத்தடி உயரத்தில் நின்றது. குழந்தையின் தாய்மாமன் கையில் செருப்போடு கடைக்கு வந்தார். பரிசு கொடுப்பதற்கு அல்ல. அன்றிலிருந்து எந்த வேலையும் அச்சுக்குப் போகும் முன்னால் ஜெயராணியின் வாட்ஸப்புக்குப் போய்விடும். ஜெயராணி அவன் மனைவி. நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிழைகளைச் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவாள்.

இந்த உறையும் அப்படித்தான் போனது. 'வெள்ளை சர்க்கரை' என்று அவன் அடித்திருந்ததற்கு நடுவில் ஒரு வட்டம் போட்டு, "நடுவுல 'ச்' எங்க மாமா? தின்னுட்டியா?" என்று கேட்டிருந்தாள். உடனே 'ச்' போட்டான். அந்த 'ச்' உள்ளே வந்து உட்கார்ந்ததும்தான் சொல் நீண்டு பேரீச்சம்பழத்தின் மேல் ஏறியது. வேறு யாராக இருந்தாலும் 'ச்'சை எடுத்திருப்பார்கள். தமிழாசிரியை சொன்ன ஒற்றெழுத்தை எடுக்க மணவாளனுக்குத் தைரியம் வரவில்லை. அதனால் ஒற்றோடு சேர்த்து முழுச் சொல்லையும் எடுத்துவிட்டான். பிறகு அடுத்த வேலைக்குப் போய், எடுத்ததையும் மறந்துபோனான். தான் செய்ததைத் தானே இவ்வளவு சுத்தமாக மறப்பதற்கும் ஒரு தொழில்திறமை வேண்டும்.

உறைக்குள் இருக்கிற பண்டத்தின் பெயர் 'நலம் பார்'. செந்தமிழ்செல்வன் என்பவன் மேல்பட்டாம்பாக்கத்தில் வீட்டுப் பின்கட்டில் அக்காவோடு சேர்ந்து செய்கிறான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து கேழ்வரகு, பேரீச்சை, வேர்க்கடலை, கோகோ என்று இறங்கியவன். "சாக்லேட் மாதிரியே இருக்கும்ணே. ஆனா சாக்லேட் செய்யற கெடுதல் எதுவும் செய்யாது" என்றான்.

"என் மச்சினன்கூட அப்டித்தான். எங்க மாமனார் மாதிரியே இருப்பான். ஆனா எதுவும் செய்ய மாட்டான்" என்றான் மணவாளன். செந்தமிழ்செல்வன் சிரித்துவிட்டு, புது உறை போட்ட முப்பது பார் கொண்ட பெட்டி ஒன்றை அன்பளிப்பாக வைத்துவிட்டுப் போனான். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் மணவாளனுக்குக் கோவிலில் பிரசாதம் வாங்கியவன் மாதிரி இருந்தது. ஏனென்றால் சரியாக நான்கு நாளுக்கு முன்னால்தான் கடலூர் மஞ்சக்குப்பத்து டாக்டரம்மா, ஜெயராணியின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை நான்காம் மாதத்தில் தவறிப்போனது. அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. வாங்கி வைத்திருந்த சிறிய துணிகள் எங்கே போயின என்று அவன் கேட்டதில்லை, அவள் சொன்னதுமில்லை. இப்போது ஆறாம் மாதம் நடக்கிறது. ஜெயராணிக்கு சாக்லேட் என்றால் உயிர். கைப்பையைக் கவிழ்த்தால் சிவப்புப் பேனா இரண்டு, சாக்பீஸ் துண்டு, சாக்லேட் தாள் நாலைந்து விழும். ஆறாம் பீரியட் முடிந்ததும் ஒன்று, பேருந்தில் ஒன்று.

"சுகர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்மா. மூணு வாரம் சாப்பாட்ட மாத்திப் பாப்போம். கொறையலன்னா இன்சுலின் ஆரம்பிச்சிடலாம். பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டரம்மா. பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு டாக்டர் சொன்னால்தான் மணவாளனுக்குப் பயமே வரும். ஏழு வருடத்துக்கு முன்னாலும் ஒருவர் அதைத்தான் சொன்னார். பயம் வந்தால் அவனுக்கு வாய் திறந்துகொள்ளும், ஜோக் ஜோக்காகக் கொட்டும். அவளுக்கு வாய் மூடிக்கொள்ளும். திரும்பி வருகிற பேருந்தில் கண்டக்டர், டிக்கெட், முன் சீட்டுக்காரரின் வழுக்கை என்று எல்லாவற்றையும் வைத்து ஜோக் அடித்து முடித்துவிட்டு, கடைசியில், "என்னா டீச்சர், பயமா இருக்கா?" என்று அதையும் ஜோக் மாதிரியே கேட்டான்.

"போ மாமா" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் கவலையில் இருந்தவனுக்கு முன்னால்தான் முப்பது பார் வந்து இறங்கின. அன்று வீட்டுக்குப் போனதும் ஒரு பாரை எடுத்து, பட்டமளிப்பு விழாவில் படிப்பதைப் போல உறையைப் படித்துக் காட்டினான். "சர்க்கரை. சேர்க்கப்படவில்லை." அடித்தவன் நீ, படிப்பவனும் நீ, நம்புகிறவனும் நீயா என்று கேட்க அந்த இடத்தில் யாருமில்லை. ஜெயராணி உறையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். விடைத்தாளைப் பார்ப்பது மாதிரிதான் எதையும் பார்ப்பாள். பிறகு அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உறையைப் பிரித்து ஒரு கடி கடித்தாள்.

"எப்டி இருக்கு?"

"இருக்கு."

தினமும் அதே கேள்வி, அதே பதில். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவள் வாயிலிருந்து வாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் அலமாரியில் பெட்டியைச் சுற்றி எறும்பு வரிசை கட்டியது. எறும்புக்கு லேபிள் படிக்கத் தெரியாது. புத்தியுள்ளவன் எவனும் அந்த இடத்தில் நின்று ஒரு நிமிடம் யோசித்திருப்பான். மணவாளன் எறும்பு சாக்பீஸ் வாங்கி வந்து பெட்டியைச் சுற்றிக் கோடு போட்டான்.

வியாழக்கிழமை கடலூரில் மறுபரிசோதனை. திங்கட்கிழமை காலையில் செந்தமிழ்செல்வன் போன் செய்தான்.

"அண்ணே, 'வெள்ளை' எங்கண்ணே?"

"எந்த வெள்ளை?"

"கவர்லண்ணே. வெள்ளைச் சர்க்கரை சேர்க்கப்படவில்லைன்னு தான எழுதிக் குடுத்தேன். நெல்லிக்குப்பத்துல ஒரு பெரியவரு, சுகர் பேஷண்ட்டு, கடையில நின்னு கத்திட்டுப் போறாரு. நாம நாட்டுச்சக்கர போடறோம் இல்ல."

மணவாளன் உட்கார்ந்திருந்த சக்கரம் வைத்த நாற்காலி தானாகக் கொஞ்சம் பின்னால் போனது. பேரீச்சம்பழம் நினைவுக்கு வந்தது. டீ நினைவுக்கு வந்தது.

"நாட்டுச்சக்கரன்னா… சக்கரதானடா?"

"அது இயற்கைண்ணே."

"பாம்புகூட இயற்கதான். சுகர் ஏறுமா, ஏறாதா?"

"வெள்ளச் சக்கர அளவுக்குன்னு சொல்ல முடியாதுண்ணே. இப்ப எல்லாருமே இதுக்கு மாறிக்கிட்டுதான் வராங்க…"

"ஒரு பாருக்கு எவ்ளோ போடறீங்க?"

"அக்காதாண்ணே போடும். கை அளவுதான்."

அந்த அக்காவை மணவாளன் பார்த்ததில்லை. பெரிய கையா, சின்னக் கையா என்று கேட்கலாமா என்று நினைத்தான். வாய்வரை வந்த ஜோக் முதல்முறையாக உள்ளேயே நின்றது. போனை வைத்துவிட்டு, பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போனான். கடைக்காரர் ஜமாலுதீன் பரங்கிப்பேட்டைக்காரர். இருபது வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவர். மணவாளனும் அவரும் மச்சான் முறை போட்டுப் பேசிக்கொள்வார்கள்.

"மச்சான், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தவங்களுக்கு சுகர் பார்டர்ல இருக்கு. மாசமா இருக்காங்க. நாட்டுச்சக்கர சாப்ட்டா ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஜமாலுதீன் மருந்துப் பட்டையைக் கத்தரிப்பதை நிறுத்தினார். "ஒருத்தவங்களா?"

"ஒருத்தவங்கதான்."

"அந்த ஒருத்தவங்கள டாக்டரம்மாகிட்ட கேக்கச் சொல்லு மச்சான். ஒடம்புக்கு ஒடம்பு மாறும். ஏறும், எறங்கும். அல்லாஹ் இருக்கான்." கொஞ்சம் நிறுத்தி, "தங்கச்சி எப்டி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்கா" என்றான் மணவாளன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரியவில்லை. கடைக்குத் திரும்பி இணையத்தில் தேடினான். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு புது வியாதியின் பெயரைச் சொன்னது. குழந்தையின் எடை, மூச்சு, இதயம். பதினான்கு பக்கம் திறந்துவிட்டுப் பதினான்கையும் ஒரே தட்டில் மூடினான்.

சாயங்காலம் ஜெயராணி பள்ளியிலிருந்து வருவதற்குள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தான். நான்கு மிச்சமிருந்தன. முப்பதில் நான்கு போனால் இருபத்தாறு. கணக்கில் எப்போதும் வீக்காக இருந்தவனுக்கு இந்தக் கழித்தல் மட்டும் சட்டென்று வந்தது. பெட்டியை எடுத்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினான். அவள் வந்து முகம் கழுவிவிட்டு அலமாரியைப் பார்த்தாள். சாக்பீஸ் கோடு மட்டும், பிணம் எடுத்த இடத்தில் போலீஸ்காரர்கள் போடுவதைப் போல, சதுரமாக இருந்தது.

"பாக்ஸ் எங்க மாமா?"

"தீந்துடுச்சி."

அவள் கோட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "சரி" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அப்படித்தான் அடுத்த மூன்று நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

புதன்கிழமை செந்தமிழ்செல்வனுக்காக ஒரு வேலை செய்தான். மிச்சமிருந்த உறைகளில் ஒட்டுவதற்கு 'வெள்ளை' என்கிற ஒரே சொல்லை விரல்நகம் அளவு ஸ்டிக்கராக வரிசை வரிசையாக அடித்தான். மாதிரிக்கு ஒரு தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை விடிந்ததும் கடலூர் பஸ். ஜெயராணி வெறும் வயிற்றோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் இட்லி டப்பா. பி.முட்லூர் தாண்டுவதற்குள் சொல்லிவிடுவது என்று மணவாளன் முடிவு செய்திருந்தான். 'ஜெயா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்' என்று வாக்கியம்கூடத் தயார். முட்லூரில் ஒரு கூட்டம் ஏறி வாக்கியத்தை நசுக்கியது. புதுச்சத்திரத்தில், 'ஒரு சின்ன தப்பு' என்று மாற்றினான். ஆலப்பாக்கத்தில் அது 'ஒரு பிரிண்டிங் மிஸ்டேக்' ஆயிற்று. சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் மருந்து நெடிக்கு அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மூக்கை மூடியிருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? கடலூர் வந்துவிட்டது.

மஞ்சக்குப்பத்து லேபில் ஜான்சி என்கிற பெண் முதல் ரத்தம் எடுத்தாள். அதன் பிறகு ஜெயராணி டப்பாவைத் திறந்து மூன்று இட்லியை எண்ணிச் சாப்பிட்டாள். முன்பெல்லாம் இட்லியை யார் எண்ணினார்கள்? ஜான்சி கடிகாரத்தைப் பார்த்தாள். "எட்டு பத்துக்கா. கரெக்டா பத்து பத்துக்கு அடுத்த பிளட். நூத்தி இருவதுக்குள்ள வந்தா டாக்டரம்மா சிரிப்பாங்க. நடுவுல எதுவும் சாப்டக் கூடாது, எங்கயும் நடக்கக் கூடாது."

ஜெயராணி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் மணவாளன் கவுண்டரில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். "சிஸ்டர், ரெண்டு வாரமா தெனம் கொஞ்சம் இனிப்பு சாப்ட்டிருந்தா, அது இதுல தெரிஞ்சிடுமா?"

"யாரு சாப்ட்டா?"

"பொதுவா கேக்கறேன்."

"பொதுவா, ரிப்போர்ட் வரட்டும் சார்" என்று அவள் ஊசியைப் பெட்டியில் போட்டாள்.

மணவாளன் வந்து உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில் கடிகாரம். அதற்குக் கீழே கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். அந்தப் படத்தை அடித்தவன் குழந்தையின் கன்னத்தில் சிவப்பைக் கொஞ்சம் தூக்கலாக விட்டிருக்கிறான் என்று ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது. மறு கண்ணுக்கு அந்தக் குழந்தையைப் பார்க்கத் தைரியம் இல்லை. எட்டே முக்கால் ஆனது. ஒன்பது ஆனது. பெஞ்சில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவன் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அதுதான் அவனைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"சட்டப் பையில என்னா மாமா அது? காலையிலேர்ந்து தடவிக்கிட்டே இருக்க."

கை தானாகத் தாளை எடுத்துக் கொடுத்தது. அவள் நான்கு மடிப்பையும் பிரித்தாள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை, வெள்ளை. மணவாளன் பேச ஆரம்பித்தான். பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. பேரீச்சம்பழம், டீ, டெலிட், செந்தமிழ்செல்வனின் அக்கா கை அளவு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டி என்று எல்லாம் தலைகீழாகக் கொட்டின. "நான் அடிச்ச பொய்ய நானே கொண்டாந்து உனக்கு ஊட்டிட்டேன் ஜெயா" என்று முடித்தபோது குரல் அவனுடையது மாதிரி இல்லை.

ஜெயராணி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் மாமா" என்றாள்.

"என்னா தெரியும்?"

"அந்த 'ச்'ச போடச் சொன்னதே நான்தான. மொத நாளே கவரப் பாத்தேன். நான் போடச் சொன்ன 'ச்'சும் காணோம், 'வெள்ளை'யும் காணோம். வெள்ளச் சக்கர இல்லன்னா வேற சக்கர இருக்குன்னுதான அர்த்தம்."

மணவாளன் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தெரிஞ்சேவா சாப்ட்ட?"

"தெரிஞ்சேதான்." அவள் தாளைத் தொடையில் வைத்து மடிப்பை நீவினாள். "கவர்ல அப்டித்தான போட்ருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இட்லிய எண்ணு, சோத்த அளந்து போடு, இத தொடாத, அத தொடாத. எல்லாம் புள்ளைக்கு. சரிதான். அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. நீ வேற அவ்ளோ ஆசையா படிச்சிக் காட்டுன."

"எப்டி இருக்குன்னு கேட்டா, 'இருக்கு'ன்ன."

"வேற என்னா சொல்லச் சொல்ற? நல்லாருக்குன்னு சொன்னா மாட்டிக்குவேன். நல்லால்லன்னு சொன்னா நீ கொண்டார மாட்ட."

"எத்தன சாப்ட்ட?"

"பதினொண்ணு."

"பதினொண்ணா? இருவத்தாறு காலி ஜெயா!"

"மீதிய யாரு தின்னாங்கன்னு எறும்புகிட்ட கேளு."

மணவாளன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கடைக்குக் கிளம்பும்போது தரம் பார்ப்பதற்காக ஒன்று, வந்ததும் களைப்புக்கு ஒன்று என்று தன் கை அலமாரிக்குப் போய் வந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்தது. சிரித்தான். பாதிச் சிரிப்பிலேயே அது வேறு ஏதோவாக மாறப் பார்த்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்துவது போலச் சமாளித்தான். பதினொன்றுதான். பதினொன்று குறைவா, அதிகமா? யாரிடம் கேட்பது? மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. கண்ணாடிக்கு அந்தப்புறம் ஜான்சி புது ஊசியின் தாளைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

கைக்குட்டையை மடித்து வைத்தான். இந்த முறை அதை ஜோக் மாதிரிக் கேட்க அவனால் முடியவில்லை.

"ஜெயா. பயமா இருக்கா?"

அவள் 'போ மாமா' என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்புவதற்கு அங்கே ஜன்னலும் இல்லை. அவனை நேராகப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள். "ரொம்ப இருக்கு. ஏழு வருஷம் முன்னாடி இருந்த மாதிரியே இருக்கு."

ஜெயராணி கைப்பையை மடியில் படுக்க வைத்து அதன் மேல் தாளை விரித்தாள். பைக்குள் துழாவிச் சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். முதல் வரிசையின் முதல் 'வெள்ளை'க்குப் பக்கத்தில், ஸ்டிக்கரின் ஓரத்தில் இருந்த இத்தனூண்டு இடத்தில், நிதானமாக ஒரு 'ச்' எழுதினாள். பிறகு அடுத்ததில் ஒன்று. பேனா அசையும்போது தாள் நழுவியது. மணவாளன் குனிந்து அதன் இரண்டு ஓரத்தையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.